இறந்தது தெரியும், புதைத்ததும் தெரியும்: பெட்டியோ தீவில் மரைன்களின் உடல்கள் தொலைந்தது எப்படி?

பசிபிக் போரில் இறந்த ஓர் இளம் அமெரிக்க மரைன் (கடல்வழியாக இறங்கித் தாக்கும் படை) வீரரின் எலும்புகள் எண்பது ஆண்டுகள் கழித்து அடையாளம் காணப்பட்டன, சொந்த ஊரில் ராணுவ மரியாதையோடு அடக்கம் நடந்தது என்று அவ்வப்போது செய்தி வருகிறது. படிப்பவர்கள் குழம்புவது இயல்புதான். அவர் குண்டடிபட்டு விழுந்ததைப் பார்த்த தோழர்கள் இருந்தார்கள். புதைத்த இடமும் குழி எண்ணும்கூடக் கோப்பில் எழுதப்பட்டிருக்கின்றன. பிறகு எப்படி அவர் இத்தனை காலம் 'உடல் மீட்கப்படாதவர்' பட்டியலில் கிடந்தார்?

பதிலைச் சண்டை ஓய்ந்த பிறகு நடந்த வேலைகளில்தான் தேட வேண்டும். மத்திய பசிபிக்கில் தராவா பவளத்தீவுக் கூட்டத்தின் தென்மேற்கு முனையில் இருக்கும் பெட்டியோ என்ற சிறு தீவு இதற்குத் தெளிவான உதாரணம். 1943 நவம்பரில் அங்கே இறந்த அமெரிக்கர்கள் ஆயிரத்துக்கும் மேல். போர் முடிந்து அரசு தேடி முடித்தபோது அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் உடல்கள் கிடைக்கவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ நல்லெண்ணத்தோடு செய்த காரியம், அடுத்து வந்தவரின் கண்ணை மறைத்திருக்கிறது.

## முதலில் சில சொற்கள்

செய்திகளில் வரும் சொற்கள் ஒன்றுபோலத் தோன்றினாலும் பொருள் வேறு.

1. காணாமல்போனவர்: இருக்கிறாரா இறந்தாரா என்றே தெரியாதவர். 1942-ல் அமெரிக்கா இயற்றிய காணாமல்போனோர் சட்டப்படி, ஓராண்டும் ஒரு நாளும் கழிந்த பிறகு கோப்பை மறுபரிசீலனை செய்து இறந்ததாக அறிவிக்கலாம். அதுவரை குடும்பத்துக்குச் சம்பளப் பகுதி போய்க்கொண்டிருக்கும்.

2. போரில் இறந்தவர், உடல் மீட்கப்படாதவர்: இறப்பில் சந்தேகம் இல்லை. தந்தி போய்விடும். ஆறு மாதச் சம்பளம், எடுத்திருந்தால் 10,000 டாலர் வரையிலான காப்பீடு என்று கணக்கும் முடிந்துவிடும். உடல் மட்டும் வராது. பெட்டியோவில் இறந்தவர்களில் பெரும்பாலோர் இந்த வகை.

3. அடையாளம் தெரியாதவர்: இதற்கு நேர் எதிர். உடல் இருக்கிறது, பெயர் இல்லை. இத்தகைய ஒவ்வொரு உடலுக்கும் எக்ஸ் என்ற எழுத்தோடு ஓர் எண் தரப்பட்டு, அதே எண்ணில் கோப்பும் திறக்கப்படும்.

4. மீட்க இயலாதவர்: இது ஒரு நிர்வாக முடிவு. ராணுவ மறுஆய்வுக் குழு கோப்பைப் பார்த்து, இனித் தேடிப் பயனில்லை என்று எழுதி மூடுவது. தராவா கோப்புகள் பல 1949-ல் இப்படித்தான் மூடப்பட்டன.

5. கணக்கில் வந்தவர்: எலும்பு கிடைத்து, பெயரோடு பொருத்தி, குடும்பத்துக்கும் முறைப்படி சொல்லியாகிவிட்ட நிலை.

இரண்டாவது வகையிலும் மூன்றாவது வகையிலும் ஒரே ஆள் இருக்க முடியும். ஹோனலூலுவில் பஞ்ச்பௌல் என்று அழைக்கப்படும் தேசிய நினைவுக் கல்லறைத் தோட்டத்தில், உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் பளிங்குச் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதே தோட்டத்தின் புல்வெளியில் 'அடையாளம் தெரியாதவர்' என்ற கல்லுக்கடியில் எலும்புகள் கிடக்கின்றன. சுவரில் பெயராகவும் புல்லுக்கடியில் எண்ணாகவும், சில நூறு அடி இடைவெளியில், ஒரே மனிதர் அறுபது எழுபது ஆண்டுகள் இருந்திருக்கிறார். அங்கே வந்து பெயருக்குக் கீழே பூ வைத்துவிட்டுப் போன சொந்தங்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

## தீவும் 76 மணி நேரமும்

பெட்டியோவின் நீளம் சுமார் 3 கிலோமீட்டர். மிக அகலமான இடத்தில்கூட ஒரு கிலோமீட்டர் தேறாது. கடல்மட்டத்திலிருந்து உயரம் மூன்று மீட்டர் அளவுதான். ஜப்பானியர்கள் அதில் விமான ஓடுதளம் அமைத்து, சுற்றிலும் தென்னைமரக் கட்டைகளாலும் பவள மணலாலும் கான்கிரீட்டாலும் பதுங்கரண்கள் கட்டி, கொரியத் தொழிலாளர்களையும் சேர்த்து ஏறத்தாழ 4,700 பேரை வைத்திருந்தார்கள். அமெரிக்காவின் 2-ஆம் மரைன் டிவிஷன் 1943 நவம்பர் 20 காலையில் வடக்குப் பக்கத்து உப்பங்கழி வழியாக ரெட் பீச் 1, 2, 3 என்று பெயரிட்ட கரைகளில் இறங்கியது.

அன்று கடல் ஏறவில்லை. தேய்பிறை அஷ்டமியை ஒட்டிய நாள் அது. அந்த நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் குறைவு. நிலவும் பூமியிலிருந்து தொலைவில் இருந்ததால் ஏற்றம் இன்னும் மந்தமாகியது. படகுகள் மிதக்க நான்கடித் தண்ணீர் வேண்டும். பவளத்திட்டின் மேல் மூன்றடியோ அதற்கும் குறைவோதான் இருந்தது. முதல் அலைகளில் வந்தவர்களைத் தரையிலும் நீரிலும் ஓடும் 'ஆம்ட்ராக்' வண்டிகள் கரைக்குக் கொண்டுபோயின. மொத்தம் 125 வண்டிகளே இருந்தன. பின்னால் படகில் வந்தவர்கள் திட்டின் விளிம்பிலேயே இறங்கி, துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, அரை கிலோமீட்டருக்கும் மேல் இடுப்பளவு நீரில் இயந்திரத் துப்பாக்கிச் சூட்டுக்கு நேராக நடந்தார்கள்.

யார் எங்கே இறந்தார் என்பதே பிற்பாடு அவர் உடல் கிடைக்குமா என்பதைப் பாதி தீர்மானித்தது. திட்டிலும் கழியிலும் விழுந்தவர்கள் சிலர் நீரோட்டத்தோடு போனார்கள். சிலர் கரையொதுங்கிப் பல நாள் கழித்துப் புதைக்கப்பட்டார்கள். காயத்தோடு கப்பலுக்கு ஏற்றப்பட்டு அங்கே உயிர்விட்டவர்கள் கடலில் அடக்கம் செய்யப்பட்டார்கள். இந்த இரு பிரிவினரில் பலரை இனி எந்தக் கருவியும் கண்டுபிடிக்காது. மணலில் விழுந்தவர்கள் கதை வேறு. அவர்கள் எல்லோரும் அந்த மூன்று கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறார்கள்.

## புதைப்பதற்கு விதி இருந்தது, நேரம் இல்லை

களத்தில் இறந்தவரைப் புதைக்க அமெரிக்கப் படைகளுக்கு எழுதப்பட்ட முறை உண்டு. இரண்டு அடையாளத் தகடுகளில் ஒன்று உடலோடு போக வேண்டும், மற்றொன்று குழியின் அடையாளக் கட்டையில் இருக்க வேண்டும். தகடு இல்லையென்றால் கைரேகையும் பல்வரிசைக் குறிப்பும் எடுக்க வேண்டும். நகராத ஒரு பொருளிலிருந்து குழிவரை உள்ள தூரத்தையும் திசையையும் குறித்து வரைபடம் போட வேண்டும்.

பெட்டியோவில் இந்த ஒவ்வொரு படியும் எங்கே இடறியது என்று பார்க்கலாம்.

1. நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை டிகிரிகூட விலகாத இடம். இரு தரப்பிலும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள் வெயிலில் கிடந்தன. சில நாட்களுக்குள் முகத்தை வைத்து ஆளைச் சொல்ல முடியாமல் போனது, விரல் தோல் கழன்றது.

2. சவப்பெட்டி கிடையாது. இருந்த இடத்தில் புல்டோசரால் நீளமாக வாய்க்கால் போல வெட்டி, உடல்களை மழைக்கோட்டுத் துணியில் சுற்றித் தோளோடு தோள் நெருக்கி வரிசையாகக் கிடத்தி மணலைத் தள்ளினார்கள். இப்படித் தீவெங்கும் பல பத்து இடங்கள். ஓரிருவரைப் புதைத்த குழிகளும் அங்கங்கே.

3. 'நகராத பொருள்' என்று எதுவும் மிச்சமில்லை. தென்னைகள் மொட்டையாகிவிட்டன, கட்டடங்கள் தரைமட்டம். மிஞ்சியவை நீண்ட மரப்பாலமும் பெரிய பதுங்கரண்களும்தான்.

4. புதைத்தவர்கள் தங்கவில்லை. 76 மணி நேரச் சண்டை நவம்பர் 23-ல் ஓய்ந்தது. மறுநாளே படைகள் கப்பலேறத் தொடங்கின. எந்த வாய்க்காலில் யாருக்குப் பக்கத்தில் யார் என்று கண்ணால் பார்த்தவர்கள் சில நாட்களிலேயே ஹவாய்க்குப் போய்விட்டார்கள்.

இத்தனைக்கும் நடுவில் மதகுருமார்களும் சிப்பாய்களும் பட்டியல் எழுதினார்கள். வரிசை, குழி எண், பெயர் என்று எழுதிய அந்தக் காகிதங்கள்தான் இன்றைய தேடலுக்கும் அடிப்படை. அந்த அவசரத்திலும் நாற்றத்திலும் பென்சிலைக் கையிலெடுத்தவர்களை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது. அவர்கள் எழுதியதில் பெரும்பகுதி சரியாகவே இருந்தது என்பதைப் பிற்பாடு தோண்டியவர்கள் கண்டார்கள்.

## சிலுவைகள் நகர்ந்தன, உடல்கள் நகரவில்லை

பெட்டியோ கதையின் முடிச்சு இதுதான்.

சண்டை ஓய்ந்த தீவு ஒரே இரவில் விமானதளமானது. கடற்படையின் கட்டுமானப் பிரிவினர் ஓடுதளத்தை நீட்டி, சாலை போட்டு, கூடாரங்களும் கிடங்குகளும் எழுப்பினார்கள். அதற்கு இடம் வேண்டியிருந்தது. சிதறிக் கிடந்த குழிகளின் மேலிருந்த கட்டைகள் வழியில் நின்றன. அங்கே தங்கியிருந்த காவற்படையினர், இறந்த தோழர்களுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று இடங்களைச் சீர்படுத்தினார்கள். வெள்ளைச் சிலுவைகளை நேர்வரிசையில் நட்டு, பெயர் எழுதி, சுற்றிலும் வேலி கட்டினார்கள். படம் எடுத்துப் பார்த்தால் கண்ணுக்கு நிறைவாகத்தான் இருக்கும்.

அந்தச் சிலுவைகள் பலவற்றின் அடியில் யாரும் இல்லை. எங்கோ சில மீட்டர் தள்ளி, அல்லது நூறு மீட்டர் தள்ளி, கோணலாக ஓடிய பழைய வாய்க்காலில் உடல்கள் அப்படியே கிடந்தன. நினைவுச் சின்னமாக மட்டுமே நட்ட சிலுவைகளையும் உண்மையான குழிக் குறிகளையும் பிரித்துக் காட்டும் ஒரே ஒரு வரைபடம் போட்டு வைத்திருந்தால் போதும், நூற்றுக்கணக்கான குடும்பங்களின் காத்திருப்பு எழுபது ஆண்டு நீண்டிருக்காது. இது கசப்பான உண்மை. ஆனால் அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் நியாயமில்லை. போர் நடந்துகொண்டிருந்தது, அடுத்த தீவுக்கு விமானம் கிளம்ப வேண்டியிருந்தது.

குடும்பங்களுக்குப் போன கடிதங்களோ இந்தச் சீர்படுத்தலை ஒட்டியே எழுதப்பட்டன. உங்கள் மகன் இன்ன கல்லறையில் இன்ன வரிசையில் இன்ன எண்ணில் இருக்கிறார் என்று படித்த பெற்றோர், போர் முடிந்ததும் அங்கிருந்து பெட்டி வரும் என்று நம்பியதில் என்ன தவறு?

## 1946: தோண்டியவர்கள் கண்டது

1946-ல் ராணுவத்தின் 604-ஆம் கல்லறைப் பதிவுக் கம்பெனி பெட்டியோவில் இறங்கியது. எல்லா உடல்களையும் எடுத்து ஒரே கல்லறைத் தோட்டத்தில் சேர்த்து, பிறகு ஹவாய்க்கு அனுப்புவது அவர்கள் வேலை. சிலுவைக்குக் கீழே தோண்டினார்கள், வெறும் மணல். பட்டியலில் நாற்பது பேர் கொண்ட '27-ஆம் கல்லறை' என்ற வாய்க்கால் எங்கே என்றே புலப்படவில்லை. சோதனைக் குழிகள் வெட்டிப் பார்த்தும் பலனில்லை. கிடைத்த உடல்களை 'லோன் பாம்' என்று பெயரிட்ட தோட்டத்தில் சேர்த்து, பிறகு ஹவாயில் ஸ்கோஃபீல்டு ராணுவ முகாமின் மைய அடையாள ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள்.

அவர்கள் வேலையில் இன்னொரு சிக்கல் பல பத்தாண்டுகள் கழித்தே தெரியவந்தது. எடுத்த உடல்களையும் முழுசாக எடுக்கவில்லை. மண்டையோடு, தொடையெலும்பு போன்ற பெரியவை போயின. கை விரல், கால் எலும்புகள், உதிர்ந்த பற்கள் மணலிலேயே தங்கின. அதனால் ஒரே ஆளின் ஒரு பகுதி பஞ்ச்பௌலிலும் மறுபகுதி பெட்டியோ மணலிலும் இருக்க நேர்ந்தது.

1947 முதல் 1951 வரை அமெரிக்கா தன் போர்க்கால உடல்களைப் பெருமளவில் திருப்பிக் கொண்டுவந்தது. சொந்த ஊர் இடுகாட்டுக்கா, தேசியக் கல்லறைக்கா, வெளிநாட்டிலேயே அமெரிக்கக் கல்லறைக்கா என்று நெருங்கிய உறவினரிடம் கடிதம் மூலம் கேட்டார்கள். சுமார் 1,71,000 உடல்கள் திரும்பின. உடல் கிடைக்காதவர் வீட்டுக்கு வந்தது வேறொரு கடிதம்: உங்கள் மகன் மீட்க இயலாதவர் என்று முடிவு செய்யப்பட்டிருக்கிறார்.

## ஸ்கோஃபீல்டு ஆய்வகமும் ஓர் அளவுப் பிழையும்

எலும்பிலிருந்து ஆளைப் பிடிப்பது அன்று எவ்வளவு கடினம் என்பதைக் காட்ட ஒரே ஒரு கணக்கு போதும். 1948-49-ல் இந்த ஆய்வகத்தில் பணியாற்றிய உடற்கூறியலாளர் மில்ட்ரட் டிராட்டர், போரில் இறந்தவர்களின் எலும்பு அளவுகளை, அவர்கள் படையில் சேர்ந்தபோது பதிவான உயரத்தோடு ஒப்பிட்டார். கோல்டின் கிளெசருடன் சேர்ந்து 1952-ல் அவர் வெளியிட்ட சூத்திரங்கள் உலகெங்கும் தடய அறிவியலில் இன்றும் புழங்குகின்றன. வெள்ளையின ஆணுக்கு:

உயரம் = 2.38 × தொடையெலும்பின் நீளம் + 61.41 சென்டிமீட்டர், பிழை வரம்பு 3.27 கூட்டியோ குறைத்தோ.

தொடையெலும்பு 45 சென்டிமீட்டர் என்றால் உயரம் 168.5. பிழை வரம்பைச் சேர்த்தால் 165-லிருந்து 172 வரை. ஒரு வாய்க்காலில் கிடக்கும் நாற்பது இளைஞர்களில் எத்தனை பேர் இந்த உயரத்துக்குள் வருவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எல்லோரும் ஆண்கள், ஏறத்தாழ ஒரே வயது, ஒரே பயிற்சி, ஒரே பூட்ஸ். உயரம் ஆளை விலக்கப் பயன்படுமே ஒழிய, இவர்தான் என்று சொல்லப் பயன்படாது.

அளக்கும் கையிலும் தவறு நேரும். கணைக்கால் எலும்பை உட்பக்கக் கணுக்கால் முடிச்சோடு சேர்த்து அளந்ததாக டிராட்டர் எழுதியிருந்தார். உண்மையில் அதை விட்டுவிட்டே அளந்திருக்கிறார் என்று 1990-களில் மறுஆய்வு செய்தவர்கள் கண்டுபிடித்தார்கள். எலும்பு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் குறைவாகப் பதிவாகியிருந்தது. அந்தச் சூத்திரத்தில் சரியான அளவைப் போட்டால் ஆளின் உயரம் இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் கூடுதலாக வரும். ஓர் எக்ஸ் கோப்பில் உயரம் பொருந்தவில்லை என்று ஒரு பெயரை அடித்திருந்தால், அந்த அடித்தலையும் இன்று சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

## மறுபடி தோண்டுதல்

தராவா அடங்கிய கிரிபாட்டி நாடு 1979-ல் விடுதலை பெற்றது. பெட்டியோ இன்று அதன் மிக நெரிசலான குடியிருப்பு. வீடு, பன்றித்தொழுவம், கிணறு, கழிப்பிடம், கிடங்கு எல்லாம் பழைய வாய்க்கால்களுக்கு மேலேயே எழும்பிவிட்டன. அங்கே வாழ்பவர்களின் சம்மதமின்றி ஒரு சாண் மணலைக்கூட அகற்ற முடியாது, அகற்றவும் கூடாது.

2015-ல் ஹிஸ்டரி ஃபிளைட் என்ற லாபநோக்கற்ற அமைப்பு, 604-ஆம் கம்பெனி தேடித் தோற்ற 27-ஆம் கல்லறையை ரெட் பீச் 3-க்குப் பின்னால் கண்டுபிடித்தது. சுமார் 35 பேரின் எலும்புகள் அந்த ஜூலையில் ஹவாய் வந்து சேர்ந்தன. வேலை போகும் வரிசை இது:

1. காகிதம்: 1943-44 வான்படங்கள், மதகுருவின் பட்டியல், இறப்புப் பதிவு அட்டைகள், சிப்பாய்கள் எடுத்த புகைப்படங்கள் எல்லாவற்றையும் இன்றைய வரைபடத்தின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவது. இன்றும் இடம் மாறாத பதுங்கரண்களே ஆணி.

2. கருவி: நிலத்தடி ரேடார், காந்தமானி, பிணவாடை பிடிக்கப் பழக்கிய நாய். ரேடாரை முழுக்க நம்ப முடியாது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால், ஈரம் தொட்ட மணலில் அலை மங்கிவிடும். காந்தமானியோ குண்டுத் துண்டுக்கும் தலைக்கவசத்துக்கும் வித்தியாசம் அறியாது.

3. மண்வெட்டி: மெல்லிய படலம் படலமாக வழித்து, நிறம் மாறும் இடத்தைப் பார்ப்பது. கலைந்த மணலின் ஓரம் நேர்கோடாக ஓடினால் அது வாய்க்காலின் சுவர். ஆழம் கூடினால் நிலத்தடி நீர் ஊறும். கடல் ஏறும்போது குழிக்குள்ளும் ஏறும். இறைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். வெடிக்காத குண்டு எப்போது வேண்டுமானாலும் தட்டுப்படலாம்.

4. பிரிப்பு: எடுத்த மணல் முழுவதையும் சல்லடையில் சலிப்பது. ஜப்பானிய, கொரிய உடல்களும் அதே மண்ணில் இருப்பதால், பொத்தான், பெல்ட் கொக்கி, காலணி, பல் அடைப்பு என்று ஒவ்வொன்றும் சாட்சி. அவர்களுக்கும் எங்கோ ஒரு வீடு உண்டு. அந்த எலும்புகளையும் இதே கவனத்தோடுதான் கையாள வேண்டும்.

பவள மணலில் ஓர் அனுகூலம் உண்டு. அது சுண்ணாம்புத் தன்மை கொண்டது. வியட்நாம் காட்டின் அமில மண் எலும்பைத் தின்பதுபோல இது தின்பதில்லை. எழுபது ஆண்டு கழித்தும் பல் முளைப்பும் எலும்பு விளிம்பும் அளக்கக்கூடிய நிலையில் கிடைத்திருக்கின்றன.

தீவில் தோண்டுவதோடு வேலை முடியவில்லை. பஞ்ச்பௌலில் புதைத்திருந்த, தராவாவிலிருந்து வந்த எக்ஸ் எண் உடல்கள் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை 2016-17-ல் மீண்டும் எடுக்கப்பட்டன. நினைத்தவுடன் கல்லறையைத் திறந்துவிட முடியாது. 2015-ல் வகுத்த விதிப்படி, தனி உடலென்றால் அடையாளம் கிடைக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்று ஆய்வு காட்ட வேண்டும். பலருடைய எலும்புகள் கலந்த குழியென்றால் குறைந்தது 60 சதவீதம் பேருக்காவது பெயர் கிடைக்கும் என்ற நிலை வேண்டும்.

## பல்லும் காறை எலும்பும்

அடையாளம் காணும் பொறுப்பு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கீழ் 2015-ல் மூன்று பிரிவுகளை ஒன்றாக்கி அமைத்த டி.பி.ஏ.ஏ. (போர்க்கைதிகள், காணாமல்போனோர் கணக்கு) என்ற முகமையிடம் இருக்கிறது. எலும்பை ஆராய்பவரிடம் அது யாராக இருக்கலாம் என்று முன்கூட்டிச் சொல்வதில்லை. பெயர் தெரிந்தால் கண் அதற்கேற்றபடி பார்க்கத் தொடங்கிவிடும் என்பதால்.

பல்தான் முதல் சாட்சி. படையில் சேரும்போது எந்தப் பல் இல்லை, எதில் அடைப்பு, எதில் சொத்தை என்று அட்டையில் குறித்திருப்பார்கள். 27-ஆம் கல்லறையில் கிடைத்தவர்களில் ஒருவர் லெப்டினன்ட் அலெக்சாண்டர் பானிமேன். 1943 நவம்பர் 22-ல் பெரிய பதுங்கரண் ஒன்றின் மேலேறித் தாக்கியபோது இறந்தவர். அமெரிக்காவின் மிக உயரிய வீர விருதான மெடல் ஆஃப் ஆனர் பெற்றவர். மணலை வழித்தபோது பளிச்சென்று தெரிந்த தங்கம் கட்டிய பற்கள் அவரைக் காட்டிக்கொடுத்தன. 2015 செப்டம்பரிலேயே டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில்லில் குடும்பக் கல்லறையில் அடக்கமானார்.

பதினெட்டு பத்தொன்பது வயதுப் பையன்களிடம் தங்கப் பல் இருக்காது. பலருக்கு ஓரடைப்புகூட இருக்காது. நல்ல பற்கள் இங்கே கெட்ட செய்தி. அங்கே உதவுவது காறை எலும்பு. கழுத்துக்குக் கீழே மார்பெலும்போடு சேரும் அதன் உள்முனையில் ஒரு சிறு மூடி தனி எலும்பாக வளர்ந்து, உடலிலேயே கடைசியாக இருபது வயதுகளில்தான் முழுசாக ஒட்டும். பத்தொன்பது வயதுக்காரரின் முனை வரப்பு வரப்பாக, உழுத நிலம்போல மேடுபள்ளமாக இருக்கும். கையில் எடுத்துப் பார்க்கும் எவருக்கும் தெரிந்துவிடும், இது வளர்ந்து முடியாத உடம்பு என்று.

இன்னொரு பயனும் உண்டு. காசநோய் இருக்கிறதா என்று பார்க்கப் படையில் சேரும்போது மார்பு எக்ஸ்-ரே எடுத்தார்கள். நுரையீரலைப் பார்க்க எடுத்த அந்தப் படத்தின் மேற்பகுதியில் இரண்டு காறை எலும்புகளும் விழுந்திருக்கும். அவற்றின் வளைவு ஆளுக்கு ஆள் வேறுபடும். கிடைத்த எலும்பை அதே கோணத்தில் வைத்துப் படமெடுத்து ஒப்பிட்டால் பெயர் வந்துவிடுகிறது. தராவா வீரர்கள் சிலருக்குப் பெயர் கிடைத்ததில் இந்தப் படங்களுக்குப் பங்குண்டு.

## யாருடைய டி.என்.ஏ. உதவும்?

பழைய எலும்பில் எளிதில் கிடைப்பது, செல்லுக்கு ஆற்றல் தரும் சிறு உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. ஒரு செல்லில் உட்கரு டி.என்.ஏ. இரண்டு பிரதிதான், மைட்டோகாண்ட்ரியாவுடையது நூறு, ஆயிரம் என்று இருக்கும். அதனால் சிதைந்த எலும்பிலும் சில தப்பிவிடும். இது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வரும். தந்தை கடத்துவதில்லை. டெலவேர் மாநிலத்தின் டோவரில் உள்ள ராணுவ டி.என்.ஏ. ஆய்வகம் இதை உறவினரின் கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்த மாதிரியோடு ஒப்பிடும்.

உறவினரில் யார் பொருந்துவார், யார் பொருந்தமாட்டார் என்பதில்தான் மேல்நாட்டுக் குடும்பங்களே தடுமாறுகின்றன. 'கசின்' என்ற ஒரே சொல்லில் எல்லோரும் அடங்கிவிடுவதால் வரும் சிக்கல் அது. தமிழ் உறவுமுறையில் சொன்னால் உடனே விளங்கிவிடும்:

1. இறந்தவரின் அம்மா, உடன்பிறந்தோர், அம்மாவைப் பெற்ற பாட்டி, தாய்மாமா, பெரியம்மா, சித்தி: பொருந்துவார்கள்.

2. அக்கா தங்கையின் பிள்ளைகள், பெரியம்மா சித்தி பிள்ளைகள்: பொருந்துவார்கள். பெண்வழியாகவே இறங்கினால் எத்தனை தலைமுறையானாலும் பொருந்தும்.

3. தாய்மாமாவின் பிள்ளைகள், அண்ணன் தம்பியின் பிள்ளைகள், இறந்தவரின் சொந்தப் பிள்ளைகளே ஆனாலும்: பொருந்தமாட்டார்கள். அவர்களுக்கு அவரவர் தாயின் வழி.

4. பெரியப்பா, சித்தப்பா, அண்ணன் தம்பி, அவர்களின் மகன்கள்: ஆண்வழியில் மட்டும் வரும் ஒய் குரோமோசோம் சோதனைக்கு உதவுவார்கள்.

5. அத்தையும் அத்தை பிள்ளைகளும்: இந்த இரண்டு சோதனைகளுக்கும் ஆகமாட்டார்கள். மகன், மகள் போன்ற மிக நெருங்கியவர்களோடு உட்கரு டி.என்.ஏ.வை ஒப்பிடுவது மூன்றாவது வழி. எலும்பின் நிலை இடம்கொடுத்தால் மட்டும்.

மைட்டோகாண்ட்ரியா பொருந்திவிட்டால் அவர்தான் என்று அர்த்தமில்லை. ஒரே தாய்வழியில் வந்த அந்நியர்கள் பலருக்கும் ஒரே வகை இருக்கும். அதனால்தான் வாய்க்கால் பட்டியல் முக்கியமாகிறது. நாற்பது பெயர் கொண்ட மூடிய பட்டியலில் பல், வயது, உயரம், டி.என்.ஏ. நான்கும் சேர்ந்து ஒரே பெயரைக் காட்டினால் முடிவெடுக்கலாம். பட்டியலே பிழையென்றாலோ, 1940-களில் ஒருவரைத் தவறாக அடையாளம் கண்டு வேறொரு குடும்பத்துக்கு அனுப்பியிருந்தாலோ, இரண்டு வீடுகளின் கணக்கு கலைந்துவிடும்.

இரண்டாம் உலகப் போரிலிருந்து மட்டும் சுமார் 72,000 அமெரிக்கர்கள் இன்னும் கணக்கில் வராதவர்கள். எல்லாப் போர்களையும் சேர்த்தால் சுமார் 81,000. அதில் ஏறத்தாழப் பாதிப் பேர் கடலில் மறைந்தவர்கள். ஆண்டுக்குக் குறைந்தது 200 பேரையாவது அடையாளம் காணும் திறனை 2015-க்குள் எட்ட வேண்டும் என்று 2010 நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டத்தில் அமெரிக்க நாடாளுமன்றம் எழுதியது. அந்த வேகத்திலும் எலும்பைவிட அரிதாகிவருவது உறவினர் மாதிரிதான்.

பெட்டியோவில் இறந்தவர்களில் பலர் மணமாகாத பையன்கள். அவர்களுடைய அம்மாக்கள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்கா தங்கைகளும் பெரும்பாலும் இல்லை. சகோதரிகளே இல்லாத வீட்டில் தேடல் ஒரு தலைமுறை மேலே ஏற வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளில் அம்மாவின் பிறந்த வீட்டைப் பிடித்து, அவளுடைய தங்கையைக் கண்டு, தங்கை மகளைக் கண்டு, அந்த மகளின் மகள் இன்று எந்த ஊரில் எந்தப் பெயரில் இருக்கிறாள் என்று வம்சாவளி ஆய்வாளர்கள் தேடிப் போகிறார்கள். தொலைபேசியை எடுக்கும் அந்தப் பெண் அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டாள். தபாலில் ஒரு சிறு உறை வரும். உள்ளே பஞ்சுக்குச்சிகள், ஒரு படிவம், திருப்பி அனுப்பத் தபால் கட்டணம் செலுத்திய இன்னோர் உறை. கன்னத்தின் உட்புறம் சில நொடிகள் தடவி, குச்சியை உலரவிட்டு, படிவத்தில் தன் அம்மாவின் பெயரையும் பாட்டியின் பெயரையும் எழுதி அவள் ஒட்டி அனுப்ப வேண்டும்.